பொம்பா மாமாவும் எங்க பூக்குழியும்

ஜொகூர் மாநிலத்துல நெருப்பு ஒருத்தர பாத்து பயந்துச்சுன்னா, அது எங்க பொம்பா மாமாவ பாத்துத்தான். குளுவாங்ல எங்க தாமான் குடியிருப்புல அவரு மோட்டார் சத்தம் கேட்டா அடுப்பு தானா அணைஞ்சிரும். நம்பலன்னா எங்கம்மாவ கேளுங்க, பாதி வெந்த சோத்தோட நிப்பாங்க.

பொம்பான்னா மலாய்ல தீயணைப்புப் படை, ஆனா அது பேருதான். தீயணைப்பு வண்டியில ஒரு நாள் கூட ஏறுனதில்ல. அந்த வேலைக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், படிப்புக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் மாதிரி. ஷாப்பிங் சென்டர்ல ஜாகா வேலை, வாசல்ல காவலுக்கு நிக்கணும். ஆனா முதுகுல எந்நேரமும் ஒரு பம்பு தொங்கும். எஸ்டேட்ல புல்லுக்கு மருந்தடிப்பாங்களே, அது. உள்ள மருந்து இல்ல, பைப்பு தண்ணி. எங்கயாச்சும் புகைய கண்டா கைப்பிடிய ரெண்டு ஆட்டு ஆட்டி, ஸ்ஸ்ஸ்.

எல்லாம் புகைமூட்டத்துல ஆரம்பிச்சது. வானம் சாம்பலாயி, பள்ளிக்கூடம் மூடி, வெட்டவெளியில எதையும் எரிக்கக்கூடாது, எரிச்சா அபராதம்னு சொல்லிட்டாங்க. ஊரே அந்த சட்டத்த ஒரு காதுல வாங்குச்சு. மாமா மட்டும் முதுகுல வாங்கிக்கிட்டாரு.

பாமாயில் எடுக்குற செம்பனை தோட்டக்காரரு மட்டைய கொளுத்துனா நனைச்சிருவாரு. "கொளுத்துனா சும்மா போயிரும். ஆளு வச்சு அள்ளுனா கூலி நீ குடுப்பியா?"ன்னு அவரு குதிப்பாரு. "அடுக்கி வை, மக்கிப் போவும்"னு மாமா அடுத்த புகைக்கு கெளம்பிருவாரு. குச்சியில கறிய குத்தி சுட்டு சாத்தே விக்கிற மலாய்க்காரரு, "பக்சிக், ஜாங்கான் லா!"ன்னு, வேணாம் மாமான்னு கையெடுத்து கும்பிட்டாரு. கும்பிட்டு முடிக்கிறதுக்குள்ள சாத்தே சூப்பாயிருச்சு.

"சமைக்கிற நெருப்புக்கெல்லாம் தடை இல்ல மாமா, போன்ல போட்டிருக்கு பாருங்க"ன்னு நான் சொல்லிப் பாத்தேன்.

"தடை இல்லன்னு சட்டம் சொல்லும்டா. நெஞ்சு சொல்லுமா?"

"சரி, புகை கடலுக்கு அந்தாண்ட சுமத்ராவுலேர்ந்து வருது. நீங்க இங்க கொசுவத்திய அணைச்சு என்ன ஆவப்போவுது?"

"அது பெரிய புகை. அதுக்கு பெரிய ஆளுங்க பேசட்டும். நான் சின்ன புகைக்கு ஆளு."

எங்க வூட்டுக்கும் வந்தாரு. அக்கா மக யாழினிக்கு பொறந்த நாள். புள்ள மெழுகுவத்திய ஊதுது, ஊதுது, ஒண்ணு கூட அணையல. வாசல்லேர்ந்து ஸ்ஸ்ஸ். மெழுகுவத்தி, கேக்கு, மச்சானோட புது சட்டை எல்லாம் தண்ணி. "அலமாக்! பைத்தியமா மாமா நீங்க?"ன்னு மச்சான் கத்துனாரு. மாமா அடுத்த வூட்டு புகைய தேடி போயிட்டாரு. நாங்க கேக்க கரண்டியால குடிச்சோம்.

அந்த வாரமே யாழினிக்கு மூச்சு இளைச்சு ஆஸ்பத்திரியில சேத்தோம். மூஞ்சி முழுக்க மாஸ்க்க மாட்டிக்கிட்டு புள்ள கெடந்தப்ப அக்கா மாரியம்மன வேண்டிக்கிட்டா: நல்லபடியா வூட்டுக்கு வந்தா தீ மிதிக்கிறோம்னு. வேண்டுனது அக்கா. மிதிக்கப் போறது மச்சான்.

புள்ள வந்துட்டா. அடுத்த வருஷம் திருவிழாவும் வந்துச்சு, கூடவே புகைமூட்டமும் வந்துச்சு.

சாமி காரியத்துக்கு வழக்கமா தடை இல்ல. ஆனா அந்த தடவ காத்து ரொம்ப மோசம், ஆபீஸ்ல அனுமதி கேட்டுத்தான் குழி வளக்கணும்னு ஆயிருச்சு. அனுமதியாச்சும் பரவால்ல, பொம்பா மாமாவுக்கு தெரிஞ்சா என்ன ஆவும்? ஊரே குசுகுசுன்னு பேசுச்சு. நேர்த்தி நின்னு போனா புள்ளைக்கு மறுபடியும் இளைப்பு வந்துருமோன்னு அக்காவுக்கு தூக்கமே இல்ல. மச்சான் மட்டும் நல்லா தூங்குனாரு. மாமா மேல அவ்ளோ நம்பிக்கை.

கோயில் கூட்டத்துக்கு மாமா பம்போட வந்து நின்னாரு.

"தீமிதியா?"

எல்லாரும் ரெண்டடி பின்னால போனாங்க. மச்சான் மட்டும் முன்னாடி வந்து, "சட்டம்னா சட்டம்தான் மாமா. நிப்பாட்டிருங்க. நாங்க ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டோம்"னாரு. அக்கா பாத்த பார்வையில மச்சான் அங்கயே பாதி வெந்துட்டாரு.

"யாருக்கு நேர்த்தி?"

"பாப்பாவுக்கு மாமா"ன்னா அக்கா. கண்ணு நெறஞ்சிருச்சு.

மாமா மறுநாள் பம்போடயே சுற்றுச்சூழல் ஆபீசுக்கு போயிட்டாரு. அங்க இருந்த ஜாகா, பம்ப வெளிய வச்சாத்தான் உள்ள விடுவேன்னுட்டானாம். ஜாகாவுக்கே ஜாகா! திரும்பி வந்து சொன்னாரு: "குழி சின்னதா இருக்கணும். காஞ்ச கட்டை மட்டும்தான். அன்னிக்கு காலையில போன்ல காட்டுற காத்துமாசு அளவு பச்சையில இருக்கணும், மஞ்சள்னா கெடையாது. பக்கத்துலயே தண்ணியோட ஒரு ஆளு நிக்கணும்."

"யாரு மாமா அந்த ஆளு?"

கைப்பிடிய ஒரு ஆட்டு ஆட்டுனாரு.

அந்த வாரம் எங்க தாமான்ல ஊதுவத்தி கூட உசுரோட இல்ல. ஆனாலும் போன்ல மஞ்சள் மாறல. தீமிதிக்கு முன்னாடி சாயங்காலம் கொட்டுச்சு பாருங்க ஒரு மழை! காலையில பச்சை. வானம் தெரியுது, தூரத்து மலை கூட தெரியுது. தெருவே மூக்க தொறந்து மூச்சு வாங்குச்சு. மச்சான் மட்டும் கடன்காரன பாக்குற மாதிரி வானத்த பாத்தாரு.

மாமா குழி ஓரத்துல கைப்பிடிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. நெருப்ப பாத்து கை பரபரக்குது, ஆனா அடிக்கல. மச்சான் குழிய தாண்டுன வேகம் இருக்கே, சிங்கப்பூர் வேலைக்கு பாலத்த தாண்டுறப்ப கூட நான் அப்படி பாத்ததில்ல. காலு கூட சிவக்கல. அக்கா புள்ளைய தூக்கி வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே சிரிச்சா.

கூட்டம் கலைஞ்சதும் மாமா பூசாரிகிட்ட போயி, முட்டாய் கேக்குற புள்ள மாதிரி, "சாமி, இப்ப அணைச்சுக்கலாமா?"ன்னாரு.

இந்த வருஷம் யாழினி பொறந்த நாளைக்கு மெழுகுவத்திய நாந்தான் கொளுத்துனேன். "ஊதும்மா"ன்னா ஊத மாட்டேங்குறா. இப்ப அவளால ஒரே மூச்சுல அத்தனையும் அணைக்க முடியும். ஆனா மெழுகு உருகி கேக்கு மேல வழியுது, இவ வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா.

"இருங்க, பொம்பா தாத்தா வரட்டும்."

நான் எந்திரிச்சு போயி கதவ நல்லா தொறந்து வச்சேன்.