மத்தியானத்தில் ஒரு ராத்திரி

இந்தத் தாலுகாவில் பகலை ராத்திரியாக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே பியானோ வாத்தியார்கள் நிறைய உண்டு. எல்லாரும் கீர்த்தனை வாசிக்கச் சொல்லித் தருவார்கள். நான் பிள்ளைகளையே இசையமைக்க வைக்கிறவன். அதிலும் ராத்திரி இசை! இடது கை கீழே, மெதுவாக, ஒரே அசைவில். வலது கை அங்கொன்று இங்கொன்று. மீதியை மௌனம் பார்த்துக்கொள்ளும்.

அந்த மௌனம்தான் எங்கள் வீட்டில் கிடைக்காது. என் மனைவி ஜீனா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். ஆர்டர் கூடக் கூட அவள் கண் முன்னறையில் விழுந்தது. அங்கேதான் என் பியானோ இருக்கிறது.

"கேட்டீங்களா, எனக்கு ஓவன் வைக்க முன்முறி வேணும். உங்களுக்க பியானோவை ஷீட்டுப்புரைக்கு மாத்துங்க."

"ரப்பர் ஷீட்டு காயப்போடுத எடத்துக்கா? அந்த நாத்தத்துல பிள்ளைக எப்படி ராத்திரியை உண்டாக்கும்?"

"இருட்டு அங்கதானே கூடுதலு உண்டு!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பந்தயம் கட்டினேன்.

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்க சிஷ்யை அஜிஷா வாசிப்பா. வாசிச்சு முடியும்போ மோகனன் அண்ணன் ஒறங்கிக் கெடந்தா, முன்முறி எனக்கு. முழிச்சிருந்தா ஒனக்கு."

"மோகனன் அண்ணனா?"

"ஓ, அவருதான்."

"செரி."

அவ்வளவு சீக்கிரம் 'செரி' சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் மோகனன் அண்ணன் யார்? பக்கத்து வீட்டு ரப்பர் வெட்டுக்காரர். விடியுமுன்னே தலையில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு மரத்தில் பால் வெட்டத் தோட்டத்தில் இறங்குகிறவர். அந்த உறக்கக் கடனைப் பகலெல்லாம் தீர்ப்பார். நெய்யாற்றின்கரைக்கு டிக்கெட் எடுத்துத் திருவனந்தபுரத்தில் கண் விழிக்கிறவர். இதைவிட நல்ல நடுவர் எனக்கு எங்கே கிடைப்பார்?

போதாததற்கு, அவருக்கு மத்தியானச் சாப்பாடாக மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் ஜீனாவையே வைக்கச் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் வைத்தாள். பாவம், தன் தோல்வியைத் தானே சமைக்கிறாளே என்று எனக்கு இரக்கம்கூட வந்தது.

அஜிஷாவுக்கு ஒரே பாடம்தான் சொன்னேன். "மக்கா, ராத்திரி என்னெல்லாம் சத்தம் கேக்கும்? தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு எழுது." இதே பாடத்தை இன்னொரு சிஷ்யன் சஜினுக்குச் சொன்னதற்கு அவன் கோயில் உற்சவச் செண்டை மேளத்தைப் பியானோவில் இரண்டு கையாலும் அடித்துக்காட்டியிருந்தான். அஜிஷா அப்படியில்லை. விவரமான பிள்ளை.

ஞாயிறு மத்தியானம். மோகனன் அண்ணன் கப்பையை முடித்து நாற்காலியில் சாய்ந்தார். அஜிஷாவின் இடது கை தொடங்கியது. அவர் தலை ஆடியது. கண் மூடியது. குறட்டையும் வந்தது. நான் ஜீனாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவள் கையிலிருந்த கிரீமைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வலது கை புகுந்தது. டொக். மௌனம். டொக். டொக். அடடா, எனக்கே புல்லரித்தது!

மோகனன் அண்ணன் துள்ளி எழுந்தார்.

"அய்யோ! சிரட்டையில ரப்பர் பாலு விழத் தொடங்கியாச்சே! எல்லாரும் வெட்டுக்கு எறங்கியாச்சு, நான் இஞ்ச கெடந்து ஒறங்குதேனே! எனக்க ஹெட்லைட் எங்கே?"

உச்சி வெயிலில் தோட்டத்தைப் பார்த்து ஓடினார். அஜிஷா கடைசி சுரத்தை வாசித்து முடித்தாள்.

"பாத்தியா ஜீனா! பட்டப்பகலை ராத்திரியாக்கியாச்சு!"

"ஆக்கினீங்க. ஆனா பந்தயம் ஒறக்கத்துக்காக்கும்."

நான் அஜிஷாவிடம் திரும்பினேன். "மக்கா, அந்த டொக்கு யாருகிட்ட கேட்டு எழுதினே?"

"ஜீனா ஆன்ட்டிகிட்டதான் சார். ஆன்ட்டிக்க அப்பாவும் காட்டாக்கடையில ரப்பர் வெட்டுதவராம். சிரட்டையில பாலு சொட்டுத சத்தம் கேட்டா எந்த ஒறக்கத்துலயும் சாடி எந்திரிப்பாராம்."

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "செரி, மாத்தலாம். ஆனா இன்னைக்கு ஞாயிறு. பியானோவைத் தூக்க ஆளு கிட்டாது."

"நேத்தே ஆளு சொல்லியாச்சு," என்றாள் ஜீனா. "அடுக்களையில கேக் தின்னுட்டு இருக்காங்க."