டோக்கன் இல்லாமல் அழக்கூடாது

வரிசை என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை முழுசாக நம்பியவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் பிறந்த அன்றைக்கே கண்ணைத் திறந்து, "எனக்கு முன்னாடி யாரு?" என்று கேட்டுவிட்டு, முறை வந்த பிறகுதான் அழுதிருப்பாள். ஹாஸ்டலில் அவளை எல்லாரும் டோக்கன் என்றுதான் கூப்பிட்டார்கள். நிஜப் பெயர் ரிஜிஸ்டரில் இருக்கும். வேறு எங்கேயும் அந்தப் பெயருக்கு வேலை இருந்ததில்லை.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் கூட்டித் துடைக்கிற வேலை பார்க்கிறேன். ஸ்ரீரங்கத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, ஐந்தரைக்கெல்லாம் உள்ளே இருப்பேன். பிள்ளைகள் ஆயாம்மா என்பார்கள். வார்டன் மேடத்திடம் இத்தனை வருஷத்தில் நான் பேசியது "சரிங்க மேடம்" மட்டும்தான். வாய் வராது. நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் துடைப்பத்துக்குப் பின்னால் ஒளியத் தோன்றும். துடைப்பம் எவ்வளவுதான் மறைக்கும்?

டோக்கன் வந்து சேர்ந்த அன்று ஆபீஸ் அறையை நான்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கூட வந்திருந்தார். லால்குடிப் பக்கம் நெல் விவசாயம். நாற்காலி நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

"லால்குடிதானே? ரயில்ல வந்தா பக்கம். தினம் வந்து போகலாமே?" என்று வார்டன் கேட்டார்.

"அதத்தாங்க நானும் சொன்னேன்" என்றார் அப்பா.

"வீட்டுல பதினோரு பேர் மேடம். ஒரே பாத்ரூம்" என்றாள் பெண். "நான் பத்தாவது. வயல்லேருந்து வர்ற அப்பா பதினொண்ணு. என் முறை வர்றதுக்குள்ள ரயில் போயிரும்."

அப்பா கூரையைப் பார்த்தார். பிறகு பெண்ணைப் பார்த்தார்.

"ஒரே ஒரு கம்ப்ளைன்ட் வரட்டும். அன்னிக்கே பொட்டியக் கட்டிடணும். அப்புறம் ரயில்தான். சரியா?"

"சரிப்பா."

அவ்வளவுதான் ஒப்பந்தம். பேனாவே எடுக்கவில்லை.

அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒரு இரும்பு வாளி இருந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்தது. பெண்ணின் பெயரை எழுதித் தரச் சொல்லி, டிராக்டர் டிரெய்லருக்கு எழுதுகிற பெயின்டரிடம் அப்பா கொடுத்திருக்கிறார். அந்த மனுஷன் கை பழக்கத்தில், மஞ்சள் எழுத்தில் பெரிதாக 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டான். இரண்டு பக்கமும் தாமரைப்பூ வேறு. அதற்கு மேல் பெயர் எழுத இடமில்லை.

எங்கள் ஹாஸ்டலில் வாளிக்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு மாடிக்கு நாற்பது பிள்ளைகள், நாலு குளியலறை. நாலாவதுக்குக் கதவு சாத்தாது, அதனால் மூன்று என்றே வைத்துக்கொள்ளலாம். விடிந்ததும் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து வாளியை வரிசையில் வைத்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துவிடுவார்கள். வாளி நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. அதுதான் சட்டம். ஆனால் மூன்றாம் வருஷத்து ப்ரீத்தி மாதிரி சிலர், பல் தேய்த்துக்கொண்டே காலால் தன் வாளியை முன்னால் தள்ளிவிடுவார்கள். பத்தாவது வாளி பல் தேய்த்து முடிப்பதற்குள் இரண்டாவதாகியிருக்கும்.

இரண்டாம் நாள் ப்ரீத்தி தள்ளிய தள்ளில் அவள் வாளி அந்த இரும்பு வாளியில் போய் இடித்தது. கணார் என்று ஒரு சத்தம். மொட்டை மாடியில் இருந்த புறா எல்லாம் பறந்துபோயின. அறையிலிருந்து டோக்கன் ஓடி வந்தாள்.

"யாரு ஓவர்டேக் பண்ணது?"

"ஏய், ஃபர்ஸ்ட் இயர்! சீனியர்கிட்ட இப்படியா பேசுவ?"

"சாரிக்கா. யாருங்க ஓவர்டேக் பண்ணது?"

மறுநாளே டோக்கன் முறை வந்துவிட்டது. மெஸ்ஸில் கிழித்துப் போட்ட தினசரி காலண்டர் தாள்களை வாங்கி வந்து, பின்பக்கம் ஒன்று, இரண்டு என்று எழுதி, ஒவ்வொரு வாளியின் காதிலும் செருகினாள். தாளின் முன்பக்கத்தில் ராகுகாலம், நல்ல நேரம் எல்லாம் இருந்ததால் அதிலும் ஒரு சண்டை வந்தது.

"டோக்கன், எனக்கு இந்தத் தாள் வேணாம். என் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம்னு போட்டிருக்கு."

"அது போன மாசத் தாளுடி."

"போன மாசமும் எனக்கு நல்லா இல்லையே!"

குளியலறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இஸ்திரிப் பெட்டிக்கு டோக்கன். செல்போன் சார்ஜ் போடுகிற பிளக்குக்கு டோக்கன். மெஸ்ஸில் இரண்டாவது தடவை பூரி வாங்க டோக்கன். வாரம் ஒருநாள் மதில் ஏறி வரும் குரங்குக்கு மட்டும் கொடுக்கவில்லை. அதுவும், "அது சொன்னா கேக்காது ஆயாம்மா, ட்ரை பண்ணிட்டேன்" என்றாள்.

இதில் பெரிய சாதனை படிக்கட்டில் நடந்தது.

முதல் வாரம் புதுப் பிள்ளைகள் அழும். இது வருஷா வருஷம் உள்ளதுதான். அந்த வாரம் நான் படிக்கட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டியதே இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில், மலைக்கோட்டை தெரிகிற ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் போனுக்கு டவர் நன்றாகக் கிடைக்கும். அதனால் சாயங்காலம் ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அங்கேயே நின்று வீட்டுக்குப் பேசும், அங்கேயே அழும். ஒருத்தி அழுவது இன்னொருத்தியின் அம்மாவுக்குக் கேட்டு, "ஏண்டி, பக்கத்துல ஏதும் சாவு வீடா?" என்று அந்த அம்மா பதற, அதைக் கேட்டு இவள் இன்னும் அழுவாள்.

டோக்கன் ஒருநாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் காலண்டர் தாளோடு வந்துவிட்டாள்.

"எல்லாரும் ஒண்ணா அழுதா யார் வீட்டுக்கு எது கேக்கும்? ஆளுக்குப் பத்து நிமிஷம். நம்பர் ஒண்ணு, ஜன்னல்கிட்ட வா. மத்தவங்க கீழ்ப் படியில உக்காருங்க. அங்க அழக்கூடாது."

"வந்துருச்சுன்னா?"

"அடக்கி வை. உன் முறைக்கு வேணும்ல?"

வரிசையில் ஏழாவது, மணப்பாறைப் பிள்ளை. கையில் ஒரு தூக்கு நிறைய முறுக்கு. காத்திருந்த நேரத்தில் அதைப் பிரித்து அக்கம்பக்கம் கொடுத்தாள். கீழ்ப் படியில் நொறுக் நொறுக் என்று சத்தம். அப்புறம் ஏதோ பேச்சு, அப்புறம் ஒரே சிரிப்பு. "நம்பர் ஏழு!" என்று டோக்கன் கூப்பிட்டபோது அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு அழுக போயிருச்சு டோக்கன். வேற யாருக்காவது குடு" என்றது.

"ட்ரான்ஸ்ஃபர் எல்லாம் கெடையாது. வந்து சும்மாவாச்சும் நின்னுட்டுப் போ."

பத்தே நாளில் படிக்கட்டு காய்ந்துவிட்டது. நான் மறுபடி தண்ணீர் தூக்க வேண்டியதாயிற்று.

ஆனால் டோக்கன் தனக்கென்று ஒரு தாள்கூட அங்கே எழுதிக்கொண்டதில்லை. வீட்டுக்குப் போன் பேசினால் நடந்துகொண்டே "ம்... சாப்ட்டேன்... ம்..." அவ்வளவுதான். ஒருநாள் துணிந்து நான் கேட்டேன்.

"உனக்கு வீட்டு நெனப்பு வராதா கண்ணு?"

"எனக்கென்ன ஆயாம்மா. தெனம் காலையில டாண்ணு ஏழு மணிக்குக் குளிக்கிறேன். அழ என்ன இருக்கு?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் வார்டன் மேடம் வீட்டு மோட்டார் பழுதானது. தோளில் துண்டு, கையில் சோப்புப் பெட்டியோடு எங்கள் மாடிக்கு வந்தார். பிள்ளைகள் எல்லாம் கதவோடு கதவாக ஒட்டி வழிவிட்டார்கள். டோக்கன் மட்டும் நடுவில் நின்றாள்.

"குட் மார்னிங் மேடம். இப்ப பதினெட்டு உள்ள போயிருக்கு. உங்களுக்கு முப்பத்தொண்ணு."

"நான் வார்டன்மா."

"தெரியும் மேடம். அதனாலதான் நல்ல நேரம் பாத்துக் கொடுத்திருக்கேன்."

எங்கோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அதுதான் வினை. மேடம் அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, குளிக்காமலே கல்லூரி மீட்டிங்குக்குப் போனார். சாயங்காலம் ஆள் வந்தது. நாளைக்குப் பத்து மணிக்கு அப்பா வரவேண்டும்.

டோக்கன் லீவு சொல்லிவிட்டு, அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். இரும்பு வாளிக்குள் தட்டு, டம்ளர், சீப்பு எல்லாவற்றையும் போட்டு மேலே துண்டால் மூடி இறுக்கிக் கட்டினாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நான் கீழே வராந்தாவைத் துடைக்கப் போனால், வார்டன் அறை வாசலிலிருந்து மாடிப்படி வரைக்கும் வாளி. பச்சை, நீலம், ரோஸ், கைப்பிடி போனது, விளிம்பு உடைந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் காதிலும் காலண்டர் தாள். முதல் வாளி ப்ரீத்தியுடையது. காலால் தள்ளிப் பிடித்த இடமில்லை, நிஜமாகவே முதலில் வந்திருக்கிறாள்.

"ஆயாம்மா, மேடத்துகிட்ட டோக்கனுக்காகப் பேசலாம்னு வந்தோம். ஆனா கிளாஸ் இருக்கு, அட்டெண்டன்ஸ் போயிரும். பக்கெட்ட வச்சிட்டுப் போறோம். மேடம் கேட்டா நீங்க சொல்லிடுங்க" என்றாள் ப்ரீத்தி.

"நானா?"

அவள் போயே போய்விட்டாள். வராந்தாவில் நானும் வாளிகளும்தான்.

பத்து மணிக்கு அந்தப் பக்கம் மேடம் கதவைத் திறந்தார். இந்தப் பக்கம் அப்பா வந்தார். பெண்ணும் பெட்டியோடு படியிறங்கி வந்து நின்றாள். அப்பா வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"என்னங்க, தண்ணி லாரி வருதா?"

"ஆயாம்மா, என்ன இது?" என்றார் மேடம்.

'சரிங்க மேடம்' என்றுதான் வாயில் வந்தது. இந்த இடத்துக்கு அது பொருந்தாது என்று எனக்கே தெரிந்தது.

"வாளியெல்லாம் பேச வந்திருக்குங்க மேடம்."

"என்னது?"

"இல்லைங்க, புள்ளைங்க... இந்தப் புள்ளைக்காகப் பேசணும்னு வந்தாங்க. கிளாஸ் இருக்குன்னு எடம் போட்டுட்டுப் போயிருக்காங்க. ஒவ்வொரு வாளியும் ஒரு புள்ளைங்க மேடம். முந்தியெல்லாம் மாடியில தெனம் சண்டைங்க. இப்ப இல்லைங்க. அழுவுற புள்ளைங்களும் இல்லைங்க."

அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. மூச்சு வாங்கியது. மேடம் வாளிகளை விரல் நீட்டி எண்ணிக்கொண்டே போனார். கடைசிவரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணத் தவிர முப்பத்தொன்பது பேர்தானே? நாப்பது பக்கெட் இருக்கே? கடைசியில அது என்ன? துடைக்கிற வாளிய ஏன் நடு வழியில வச்சிருக்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதுவும் வரிசையிலதாங்க நிக்குது."

டோக்கன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் திரும்பி அறைக்குள் பார்த்தார். மேஜையில், பேப்பர் வெயிட்டுக்கு அடியில் முப்பத்தொன்று என்று எழுதிய தாள் இருந்தது. அவருடைய வாய் ஓரம் லேசாக இழுத்துக்கொண்டது. உடனே சரி செய்துகொண்டார்.

"உங்க பொண்ணோட இரும்பு வாளி துருப்பிடிக்குது. தரையெல்லாம் கறை. பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கிக் குடுங்க. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மேடம், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இது கம்ப்ளைன்டுங்களா?"

"இல்லைங்க. யோசனை."

"யோசனை சொல்லவா நாத்து நடுற அன்னிக்கு ரயிலேத்தி வர வச்சீங்க?" என்றார் அப்பா. ஆனால் பெட்டியை எடுத்துப் பெண்ணிடமே கொடுத்துவிட்டார்.

கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் நான் துணியை அலசிக்கொண்டிருந்தபோது அவர்கள் இருவரும் வெளியே வந்தார்கள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு சும்மா நின்றார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"வயல்லேருந்து வந்தா நான் ஒடனே குளிக்கப் போறதில்ல. கா மணி நேரம் வெளியிலயே நிக்கிறேன்."

"ஏம்ப்பா? உள்ள யாரும் இருக்க மாட்டாங்களே?"

"யாரும் இல்லதான். பழக்கம். எனக்கு முன்னாடி நீதானே."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் நான் இரண்டாவது மாடிப் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எல்லாம் கல்லூரியில். டோக்கன் மெல்ல ஏறி வந்தாள். மலைக்கோட்டை தெரிகிற ஜன்னலைப் பார்த்தாள், கீழ்ப் படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கை காலியாக இருந்தது. ஒரு காலண்டர் தாள்கூட இல்லை.

"ஆயாம்மா, எனக்கு முன்னாடி யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்ல கண்ணு. நீதான் மொதல்ல."

அப்புறம்தான் அழுதாள். பத்து நிமிஷத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். நான் மணி பார்க்கவில்லை.