முனிக்கு ஒரு சுவிட்ச்

1994-ல் பெருந்துறைக்குப் பக்கத்திலிருந்த நூல் மில் ஒன்றில், வேலை கேட்டு வந்த கூட்டத்தைவிட முனி பார்க்க வந்த கூட்டம் அதிகம். கேட்டில் தேங்காய்க் கடை, பூக்கடை, சோடாக் கடை. முனியால் நாலு பேருக்குப் பிழைப்பு நடந்தது, அதை மறுக்க முடியாது.

ஆரம்பம் இப்படித்தான்: ஸ்பின்னிங் ஹாலின் வடக்குச் சுவர் விரிசல் விட்டு நடுங்கியது. உடனே தாராபுரத்திலிருந்து, சொம்பு வைத்துக் குறி சொல்லும் சொம்புச்சாமி காரில் வந்து இறங்கினார். எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லி, சுவரோரம் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தார். ஒரு மெஷின்கூட ஓடவில்லை; தண்ணீர் நடுங்கியது! முதலாளி வேங்கடசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சுவத்துல முனி குடியிருக்குது. நாப்பத்தெட்டு நாள் யாரும் தொடப்படாது" என்று விரிசல்மேல் காவித்துணியைத் தொங்கவிட்டார் சாமி. முனிக்குச் சத்தம் ஆகாதாம். பெண்களின் வெள்ளிக் கொலுசையெல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டார். நாளெல்லாம் ஓடும் ஐம்பது மெஷினின் இரைச்சல் மட்டும் முனிக்குத் தாலாட்டாக இருந்ததோ என்னவோ.

ஹாலில் நூல் ஓட்டும் மாசாணியம்மாளும் கொலுசைக் கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வாள்? அவள் நின்று வேலை பார்ப்பதே அந்தச் சுவரடியில்தான்.

மெக்கானிக் பாலகோபால் வாரம் ஒருமுறை அதிர்வு மீட்டரைச் சுவரில் வைத்து, அது காட்டும் எண்ணை டைரியில் குறிப்பவர். டைரியை அவளிடம் நீட்டினார்.

"பாரு அம்மணி. பொங்கலப்ப ரெண்டு. இப்ப ஒம்பது. முனி இப்படி வாரா வாரம் ஒழுங்கா ஏறுமா? ஏதோ தேஞ்சுட்டே வருது. நாப்பத்தெட்டு நாளு இந்தச் சுவரு தாங்காது. மொதலாளிகிட்டச் சொன்னா, மீட்டருக்கும் ஒரு பூஜை போடுங்கறாரு."

"எல்லா மெஷினும் நின்னுதானுங்ணா இருந்துது? எது தேயும்?"

"ஈரக்காத்து ஃபேனை யாரு நிறுத்துனா?"

மாசாணிக்குப் பொறி தட்டியது. நூல் அறாமலிருக்க ஹாலுக்கு ஈரக்காற்று அனுப்பும் பெரிய ஃபேன், சுவருக்கு அந்தப் பக்கம் வருஷம் முழுக்க ஓடும். அதை ஒரு மெஷின் என்றே மில்லில் யாரும் நினைப்பதில்லை.

அடுத்த வெள்ளி பூஜையில் மெஷின்களை நிறுத்திய பின்னும் சொம்பு நடுங்க, கூட்டம் "முனியப்பா!" என்றது. பாலகோபாலை ஃபேன் சுவிட்சருகே நிறுத்திவிட்டு மாசாணி முன்னால் வந்தாள்.

"அண்ணா, ஃபேனை நிறுத்துங்க!"

ஃபேன் ஓய்ந்தது. தண்ணீரும் ஓய்ந்தது.

"முனி மலையேறிருச்சு!" என்றார் சாமி சட்டென்று.

"சரிங்க சாமி. போடுங்ணா!"

தண்ணீர் நடுங்கியது.

"எறங்கிருச்சுங்களா? நிறுத்துங்ணா!"

முனி ஐந்து தடவை மலையேறி இறங்கியது. ஹாலே சிரித்தது. சாமி காரைத் தேடினார். கார்க் கதவில் சாய்ந்தபடி பெண்கள் கொலுசு கேட்டு நின்றார்கள்.

வேங்கடசாமி காவித்துணியை இழுத்தார். துணி போட்டபோது விரல் நுழைந்த விரிசலில் இப்போது கை நுழைந்தது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றே ஹாலைக் காலி செய்து, சுவருக்கு முட்டுக் கொடுத்து, ஃபேனின் தேய்ந்த பேரிங்கை மாற்றினார்கள்.

"எப்படி அம்மணி நாம அத்தனை பேரும் ஏமாந்தோம்?" என்று கேட்டார் வேங்கடசாமி.

மாசாணி கொலுசை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"சாமி எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னாருங்க. மண்டைக்குள்ள இருக்கறதையும் சேத்து நிறுத்திப்போட்டமுங்க. இனியாச்சும் அதை ஓட உடுங்க."