பூட்டிய வகுப்பு பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, உங்கள் மகளை மருமகளாகப் பெற்றவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே உங்கள் ரத்தக் கொதிப்பைத் தவிர எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்ட பிறகு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

கையெழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிட வேண்டாம். எழுதுவது நான்தான். கல்யாணப் பதிவேட்டில் நான் கட்டைவிரலை மையில் அழுத்தியபோது, நீங்கள் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. இப்போது ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு நாள் ஆகிறது. இதில் தவறாக இருப்பதெல்லாம் என்னுடையது, சரியாக இருப்பதெல்லாம் உங்கள் மகள் சொல்லிக்கொடுத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் உங்கள் மகளுக்கு எழுதி, சனிக்கிழமை இங்கே வந்த கடிதத்தை நான் படித்தேன். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்புதான். ஆனால் இத்தனை வயதுவரை அந்தத் தப்பைச் செய்ய எனக்கு வசதியே இல்லாமல் இருந்தது, ஆகையால் மன்னிக்க வேண்டும். அதில், “அரசாங்க அதிகாரியை அறையில் வைத்துப் பூட்டியவள் என் மகள் என்று வெளியே சொல்ல முடியவில்லை, அவர்களாக நீக்குவதற்கு முன் நீயாக விலகிவிடு” என்று எழுதியிருந்தீர்கள். அவளும் விலகல் கடிதம் எழுதி, குளிர்பெட்டி மேல் மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறாள். மாதக் கடைசிக் கூட்டத்தில் கொடுக்கப்போகிறாளாம். உங்கள் மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள். பூட்டியது அவள் இல்லை, நான். ஆகவே நீங்கள் “கொடுக்காதே” என்று அவளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். அவள் விலகி, எங்கள் முதியோர் எழுத்து வகுப்பை மூடிவிட்டால் எங்களைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள வகுப்பில் சேர்ப்பார்களாம். அங்கே பாடம் நடத்துகிறவர் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவாராம். எனக்கு இன்னும் கூட்டெழுத்து பாக்கி இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நூலகத்து மாடியில் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை எங்கள் வகுப்பு. முன்பக்கம் சிமெண்டுப் படி, பின்பக்கம் சுற்றிச் சுற்றி ஏறும் இரும்புப் படி, எதில் ஏறினாலும் அறைக்குள் போக ஒரே கதவுதான். பதினான்கு பேர் படிக்கிறோம், காய்கறிக்காரம்மா, தையல்காரர், வாட்ச்மேன் என்று எல்லாரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஆரம்பத்தில் உங்கள் மகளும் உங்களைப் போலத்தான் நடத்தினாள். அவள் சொல்லுவாள், நாங்கள் திருப்பிச் சொல்லுவோம். குண்டூசி விழுந்தால் கேட்கும். வாட்ச்மேன் குறட்டை விட்டால் அதுவும் கேட்கும். பிறகு ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாள். வந்த அன்றே பெஞ்சுகளை வட்டமாகப் போடச் சொன்னாள். “இனிமே நான் மட்டும் பேச மாட்டேன், நீங்கதான் பேசணும்” என்றாள். காய்கறிக்காரம்மா, “அதுக்கு நான் மார்க்கெட்லயே இருந்திருப்பேனே” என்றார். ஒரு பந்தைத் தூக்கிப் போடுவாள், பிடித்தவர் ஒரு சொல்லைப் பலகையில் எழுத வேண்டும். தையல்காரர் தலை நிமிராமலே பந்தைப் பிடிப்பார், நான் மூன்று முறை மின்விசிறிக்கு அனுப்பினேன். பிறகு நாடகம் போட்டோம். நான் வங்கியில் படிவம் நிரப்ப வந்தவன், காய்கறிக்காரம்மா அதிகாரி. மூன்று தடவை “நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்பினார். நாலாவது தடவை எனக்கு நிஜமாகவே கோபம் வந்து, படிவத்தை ஒரு பிழை இல்லாமல் நிரப்பி மேஜையில் அடித்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் எழுதிவிட்டேன் என்று. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தம்மா மட்டும் “சாப்பாட்டு நேரம்” என்றார்.

இன்னொன்று, ஆளுக்கு ஒரு பச்சை அட்டை, ஒரு சிவப்பு அட்டை. புரிந்தால் பச்சையைக் காட்ட வேண்டும், புரியாவிட்டால் சிவப்பு. வாட்ச்மேன் பத்தே நாளில் பச்சை அட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே தூங்கப் பழகிவிட்டார். எதிலும் ஒரு குறை இருக்கத்தான் செய்யும், உங்கள் பிரம்பில் இல்லையா. உங்களிடம் படித்தவர்கள் இன்றைக்கும் உங்களைத் தெருவில் கண்டால் எதிர்ச் சந்துக்குள் நுழைகிறார்கள் என்று மாப்பிள்ளை சொல்வான். அது பயபக்தி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாகத்தான் அந்த யோசனை. வாரம் ஒருவர் ஆசிரியராக நின்று, தன் தொழிலிலிருந்து ஐந்து சொற்களை எடுத்துப் பாடம் நடத்த வேண்டும். அதற்கு உங்கள் மகள் சில விதிகள் வைத்தாள். ஆசிரியர் விடையைச் சொல்லவே கூடாது. ஒரு நிமிஷம் யோசிக்க விட வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேச விட வேண்டும், பிறகு எல்லாருக்கும் சொல்ல வைக்க வேண்டும். தாமதமாக வருகிறவர், நடக்கிற வேலை முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். வகுப்புக்குள் அத்தை, மாமா என்ற உறவு கிடையாது. இந்தக் கடைசி இரண்டும் எனக்காகவே போட்டவை என்று நினைக்கிறேன். ஒரு தடவை என்னையே பத்து நிமிஷம் படியில் நிற்க வைத்தாள். வீட்டுக்கு வந்து முழங்காலுக்குத் தைலமும் தேய்த்துவிட்டாள். அது வேறு கணக்கு.

நான் நாற்பத்தோரு வருஷம் பூட்டு ரிப்பேர் செய்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். என் முறை வந்தது போன வியாழக்கிழமை. அன்றுதான் மேற்பார்வையாளர் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் வகுப்பு நடக்குமா, மூடுமா என்று முடிவு செய்வார்கள். அதனால் உங்கள் மகள் அவரை வரவேற்க முன்பக்க வாசலுக்குப் போய் நின்றாள். நான் பூட்டு, சாவி, துளை, கம்பி, ஸ்பிரிங் என்று பலகையில் எழுதிவிட்டு, குழுவுக்கு ஒரு பழைய பூட்டும் ஒரு கம்பியும் கொடுத்தேன். பாடம் வாழ்க்கையோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று அவள் அடிக்கடி சொல்வாள். வெறும் பூட்டு மேஜைமேல் கிடந்தால் யாருக்கு ஆசை வரும். ஆகவே கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளில் ஒரு நல்ல பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். காய்கறிக்காரம்மா பாதியில் வியாபாரத்துக்கு நழுவுவதை நிறுத்துவதும் ஒரு நோக்கம்.

திரும்பிப் பார்த்தால் ஓரத்துப் பெஞ்சில் ஒரு புது ஆள். ஐம்பது வயது இருக்கும். நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது இரும்புப் படியில் ஏறி வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். சட்டைப்பையில் பேனா, கையில் நோட்டு, அதில் ஏதோ எழுதுவது போல் கையை ஓட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தி, எனக்கு மனசு இளகிவிட்டது. நானும் எழுதத் தெரியாமலே நாற்பது வருஷம் பையில் பேனா குத்திக்கொண்டு திரிந்தவன். வங்கிக்குப் போனால் நானும் இப்படித்தான் வெறுமனே கையை ஓட்டுவேன். பக்கத்தில் போய் மெதுவாக, “வெட்கப்படாதீங்க, இங்க எல்லாரும் உங்களை மாதிரிதான்” என்றேன்.

“நான் வகுப்பைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றார்.

“முதல் நாள் எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. நான் பேத்திக்குப் புத்தகம் எடுக்க வந்தேன்னு சொன்னேன்” என்று சொல்லி, கையில் ஒரு சிவப்பு அட்டையைக் கொடுத்து, காய்கறிக்காரம்மா குழுவில் உட்கார வைத்தேன்.

“ஐயா, நான் மேற்பார்வையாளர்.”

“இருக்கட்டும்” என்றார் தையல்காரர். “நான்கூட முதல் நாள் பெரிய கம்பெனிக்கு முதலாளின்னு சொன்னேன்.”

கால் மணி கழித்துக் கதவைத் தட்டும் சத்தம். உங்கள் மகள்தான்.

“மாமா, கதவைத் திறங்க.”

“வகுப்புல மாமா கிடையாது டீச்சர்.”

“சரிங்கய்யா, திறங்க. ஏன் பூட்டினீங்க?”

“தாமதமா வந்தவங்க வேலை முடியற வரைக்கும் வெளியதான் நிக்கணும். நீங்க போட்ட சட்டம்.”

“மேற்பார்வையாளர் வர நேரம் மாமா, விளையாடாதீங்க.”

“வரட்டும். அவரும் உங்க பக்கத்துல நிக்கட்டும்.”

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போதே எனக்குள் லேசாக ஒரு சந்தேகம் வந்தது. அந்த ஆள் வாயைத் திறந்து, “நான்தான்மா அந்த” என்று ஆரம்பிக்க, காய்கறிக்காரம்மா, “சும்மா இருங்க, டீச்சருக்குக் கோவம் வந்தா நமக்கு வீட்டுப்பாடம் கூடும்” என்று அடக்கிவிட்டார். அந்த நிமிஷம் நான் திறந்திருக்கலாம். ஆனால் பாதிப் பாடத்தில் திறந்தால் இத்தனை பேர் ஆர்வமும் போய்விடும். வாட்ச்மேன்கூட விழித்திருந்தார், சம்பந்தி. ஏழு மாசத்தில் முதல் தடவையாக.

ஒவ்வொரு குழுவும் தன் பூட்டைத் திறந்து, ஐந்து சொற்களையும் எழுதிக் காட்டி, பச்சை அட்டையைத் தூக்கிவிட்டது. அந்த ஆள் கையில் மட்டும் சிவப்பு. ஆகவே கதவுப் பூட்டை அவரே திறக்க வேண்டும் என்று வகுப்பு முடிவு செய்தது.

“சாவி யார்கிட்ட இருக்கு?” என்றார்.

“என்கிட்டதான்” என்று பையைத் தட்டிக் காட்டினேன்.

“குடுங்க.”

“குடுத்தா நீங்க கத்துக்க மாட்டீங்க. ஒரு நிமிஷம் யோசிங்க. அப்புறம் பக்கத்துல இருக்கவங்ககிட்ட பேசுங்க.”

யோசித்தார். என்ன யோசித்தார் என்று முகத்திலேயே தெரிந்தது, அது பூட்டைப் பற்றி இல்லை. பிறகு கம்பியை எடுத்துக் குத்து குத்தென்று குத்தினார். காய்கறிக்காரம்மா பக்கத்தில் போய் நின்று, “கோவமா குத்தாதீங்கய்யா. பூசணிக்காயைத் தட்டிப் பாக்கற மாதிரி, காதை வெச்சுக் கேளுங்க” என்றார். அவரும் காதை வைத்தார். அந்தப் பக்கம் உங்கள் மகளும் காதை வைத்துக்கொண்டுதான் நின்றிருப்பாள். தையல்காரர், “லேசா, ஊசியில நூல் கோக்கற மாதிரி” என்றார். வாட்ச்மேன் டார்ச் அடித்தார். மொத்த வகுப்பும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. உங்கள் காலத்துக் குண்டூசி அமைதி சம்பந்தி, பிரம்பு இல்லாமல்.

‘டக்’ என்று பூட்டு திறந்தது. அந்த மனுஷன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பூட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் கைதட்டினோம். பச்சை அட்டையை அவரே தேடி எடுத்துக் காட்டினார். பிறகுதான் தன் உத்தியோகம் ஞாபகம் வந்தது போலச் சிரிப்பைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். எதிரே உங்கள் மகள். “நான்தான்மா மேற்பார்வையாளர்” என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு இரும்புப் படியில் இறங்கிப் போய்விட்டார். என் கம்பியையும் கொண்டுபோய்விட்டார்.

திட்டியிருந்தால்கூட அவள் பயந்திருக்க மாட்டாள். ஒன்றும் பேசாமல் போனதுதான் அவளை உலுக்கிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். ராத்திரி சாப்பாடு போடும்போது மட்டும், “இன்னும் கொஞ்சம் போடட்டுமா மாமா” என்றாள். அந்த மரியாதை எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. திட்டு வாங்கியிருந்தால் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருப்பேன். அன்று ராத்திரியே பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு உங்களுக்குப் போனில் சொன்னாள் போலிருக்கிறது, இரண்டு நாளில் உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

ஆகையால் சம்பந்தி, குற்றவாளி நான். அவள் சொன்னதை ஒன்று விடாமல் கேட்டு நடந்தேன், அதுதான் என் குற்றம். உங்கள் சர்வீசில் அப்படிச் சொன்னதைக் கேட்ட மாணவன் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நல்ல ஆசிரியை கிடைத்த மாணவன் கொஞ்சம் அதிகமாகப் படித்துவிட்டான், அவ்வளவுதான். தயவுசெய்து அந்த ஒரு வரியை உடனே எழுதி அனுப்புங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், வீட்டில் உள்ள சின்னவர்களுக்கு என் ஆசியையும் சொல்லவும். உங்கள் ரத்தக் கொதிப்பு இறங்கவும், என் முழங்கால் மடங்கவும், இரண்டு வீடும் ஒரு குறையில்லாமல் நீண்ட காலம் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
(கையெழுத்துதான், கைநாட்டு இல்லை)

பின்குறிப்பு: மேலே உள்ளது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் இரண்டாம் பக்கம் எழுதிக்கொண்டிருந்த அன்றே மேற்பார்வையாளர் மறுபடி வகுப்புக்கு வந்துவிட்டார். “வகுப்பில் ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை, என்னையும் சேர்த்து” என்று அறிக்கையில் எழுதியிருக்கிறாராம். வகுப்பு தொடர்ந்து நடக்கும். மாதக் கடைசிக் கூட்டத்தில் மற்ற ஆசிரியர்களை உள்ளே வைத்துப் பூட்டிப் பாடம் நடத்த உங்கள் மகளையும் என்னையும் கூப்பிட்டிருக்கிறார். அவள் அன்றைக்கே விலகல் கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டாள். அப்புறமும் ஏன் நாலு நாள் உட்கார்ந்து எழுதினாய் என்று கேட்பீர்கள். முதல் கடிதம், சம்பந்தி, பாதியில் விட மனசு வரவில்லை. உங்களைப் பற்றி எழுத வேண்டியதும் கொஞ்சம் பாக்கி இருந்தது. ஆகவே அவளுக்கு அந்த ஒரு வரி இனி வேண்டாம். அதை எனக்கு எழுதுங்கள். என் பெயருக்கு இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை. என்னைத் திட்டி எழுதினாலும் சரி, எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.