எல்லைக்கல்லுக்கு மஞ்சள் பூசிய படலம்

செம்பனைக் காடு மதிலாய்ச் சூழ்ந்த பாடாங் மேஹாவின் சந்தொன்றில், மழை என்னும் மாபெரும் பகைக்கு ஆண்டுதோறும் தன் அடுக்களையையே திறையாகச் செலுத்தி வந்தவனும், கூலிம் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் என்னும் இருகொம்பு இரும்புக் களிற்றை நடத்துபவனும், பிரேமாவதியின் கணவனுமாகிய முருகையாவின் புகழை உரைக்கப் புகுந்தோம். கேட்போர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொள்வார்களாக!

இவ்வீரனுக்கு வாய்த்த பகைவன் பக்கத்து வீட்டு எர்னஸ்ட். ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்பவன். மற்ற நாள்களில் செராய் என்னும் எலுமிச்சைப் புல் வளர்ப்பவன். இரு பேரரசுகளுக்கும் நடுவே மண்கால்வாய் ஒன்று ஓடிற்று. அதாவது, ஓட வேண்டும் என்று இரு தரப்பும் விரும்பின. அதன் நடுவே, முருகையாவின் அடுக்களைச் சுவரை ஒட்டினாற்போல, முழங்காலுயரம்கூட இல்லாத எல்லைக்கல். புல்வெட்டும் சாக்கில் எர்னஸ்ட் அதை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டான் என்பது முருகையாவின் துணிபு. நட்டவன் முருகையாவே என்பது எர்னஸ்டின் துணிபு. அளந்து பார்க்கலாமே என்று நினைக்கக்கூடியவர் அச்சந்தில் இன்னும் பிறக்கவில்லை.

அப்போதுதான் செய்தி வந்தது: அரசாங்கம் சிமெண்டு லோங்காங் கட்டப்போகிறது, கல் நிற்கும் கோட்டிலேயே கால்வாய் தோண்டப்படும். கல் இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் அடுக்களைச் சுவரே போய்விடும். முருகையா உறக்கமிழந்தான், சிந்தித்தான், ஈற்றில், படை திரட்டாமலே பகை வெல்லும் சூழ்ச்சியொன்று அவன் நெற்றியில் மின்னலென உதித்தது. எதிரி கிறிஸ்தவனாயினும் தமிழன். மஞ்சள் பூசிய கல்லில் மண்வெட்டி வைக்க எந்தத் தமிழன் துணிவான்?

மறுநாட் காலை, நீராடித் திருநீறணிந்த அம்மாவீரன் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, மஞ்சள் துணி சுற்றி, எலுமிச்சம்பழம் ஒன்றையும் தலையில் சூட்டினான். வேலிக்கு அப்பாலிருந்து எர்னஸ்ட் நெடுநேரம் பார்த்தான். பிறகு வாளைத் தாழ்த்தும் மன்னனைப்போல் புல்வெட்டும் கத்தியைத் தாழ்த்தினான்.

“இனிமே அந்தக் கல்லுல நான் கையே வைக்க மாட்டேன்லா, அண்ணே.”

முரசு முழங்காத குறை ஒன்றுதான்.

ஆனால் கல்லுக்குக் காவலாக வந்த தெய்வத்துக்கு வேறு பணிகளும் இருந்தன. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன சந்துக்காரி செல்லாயி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு லாட்டரிக்கு ஒரு நம்பர் கேட்டாள். அந்த வாரமே நம்பர் அடித்தது. அதன்பின் கற்பூரம் வந்தது, மாலை வந்தது, தகரக் கூரை வந்தது, முனியாண்டி என்ற பெயரும் வந்தது. முழங்கால் வலிக்காகப் பிரேமாவதியே நேர்ந்துகொண்டாள், வலியும் குறைந்துவிட்டதாம். ஊரார் வணங்கும் அழகை வாசலில் நின்று கண்டு களித்த நம் வீரன், கால்வாய் அந்தக் கல்லின் வழியாகத்தான் போயாக வேண்டும் என்ற சிறு விவரத்தை மறந்தே போனான்.

மண்வாரி இயந்திரம் வந்தது. மலையை விழுங்கும் அரக்கனென உறுமி, சந்தின் மேட்டுமுனையிலிருந்து மண்ணை அள்ளி அள்ளித் தின்றுகொண்டு வந்த அவ்வியந்திரம், கல்லுக்கு முன்னால் மௌனமாயிற்று. அதை ஓட்டிய திவாகரன் இறங்கி, பூட்ஸைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

முருகையா பதறி ஓடினான். “தம்பி, அது வெறும் கல்லுதான். மஞ்சள் நான் பூசுனது.”

“எல்லாச் சாமிக்கும் யாரோ ஒருத்தர்தாண்ணே மொதல்ல பூசியிருப்பாங்க. நான் தொட மாட்டேன்.”

முருகையா எர்னஸ்டை நோக்கினான், அவனோ கொடுத்த வாக்கில் மலைபோல் நின்றான். வேறு வழியின்றித் தானே மண்வெட்டியை ஓங்கினான் முருகையா. பின்னாலிருந்து பிரேமாவதியின் குரல், இடியினும் தாழ்ந்து, இடியினும் தெளிவாக வந்தது.

“கை வெச்சுப் பாருங்க. அப்புறம் சோறு எங்க சாப்புடுறீங்கன்னு நானும் பாக்குறேன்.”

ஓங்கிய படைக்கலம் தாழ்ந்தது. இயந்திரம் திரும்பிப் போயிற்று. சந்தின் வீடுகள் அனைத்தின் நீரையும் ஒரு துளி சிந்தாமல் ஏந்தி வந்து, சரியாக முருகையாவின் அடுக்களையோரத்தில் முடியும் புத்தம்புதுக் கால்வாய் பிறந்தது, மேற்றிசை கறுத்தது, குனோங் ஜெராய் மலையுச்சியில் முகிற்படைகள் அணிவகுத்தன, வானம் தன் ஆயிரங்கோடி அம்புகளை ஒருசேர எய்தது.

முருகையாவும் எர்னஸ்டும் சேர்ந்து அரிசி மூட்டையை மேசைமேல் தூக்கி வைத்தார்கள்.