ஆய்வுக்கு வந்த ஆடு

“மேடம், எங்க கிளாஸுல உக்காந்த ஆளுக எல்லாரும் ஆடு வாங்கிட்டாக!”

பதற்றத்தில் இப்படி உளறிவிட்டார் கருப்பணன். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில், ஓய்வு பெற்றபின் பிழைக்க வழி சொல்லும் வகுப்பு எடுப்பவர் அவர்தான். வகுப்பால் யாராவது உருப்பட்டார்களா என்று பார்க்க மதுரையிலிருந்து ஸ்ரீமதி வந்திருந்தார். இல்லையென்று அவர் எழுதிவிட்டால் வகுப்பு போச்சு. கருப்பணன் மறுபடி லோடு ஏற்றப் போகவேண்டியதுதான். ஐம்பத்தேழு வயது முட்டி தாங்குமா?

உண்மையில் வகுப்புக்கு ஆட்கள் வந்ததே ஃபேனுக்காகத்தான். மருந்து அடைக்கிற அறைகளில் கரண்ட் கிடையாது. “வயசான காலத்துல...” என்று இவர் ஆரம்பிப்பதற்குள் முன்வரிசை குறட்டை விடும்.

“அப்ப ஆட்டைப் பாக்கலாமே சார்!” என்றார் ஸ்ரீமதி.

கருப்பணன் ஓரமாகப் போய்ச் சங்கிலிமுத்துவுக்குப் போன் போட்டார். அதே வகுப்பில் உட்கார்ந்து, போன வருஷம் ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு வெள்ளை ஆடு இருந்தது.

“அண்ணாச்சி, மானம் போகப்போகுது. ஆடு வேணும்!”

அவர் ஏனென்றுகூடக் கேட்கவில்லை. “எங்கன கட்டணும்னு மட்டும் சொல்லு தம்பி.”

வகுப்புக்கு வருகிறவர்களில் முதலாவதாகப் பார்த்த சின்னத்தாய் வீட்டில் ஆடு நின்றது. ஸ்ரீமதி ஆசையாகப் பிஸ்கட் கொடுத்தார்.

“இதுக்குப் பேரு என்னம்மா?”

சின்னத்தாய் திருதிருவென முழித்தாள். “ஆடுதேன் மேடம்.”

அடுத்தது மாரிசெல்வி வீடு. கார் சுற்றி வருவதற்குள் சங்கிலிமுத்து சந்து வழியாக ஆட்டை ஓட்டிவந்து கட்டிவிட்டார். பிஸ்கட் ருசி கண்ட ஆடு, ஸ்ரீமதியின் கையை நக்கியது.

“அதே ஆடு மாதிரியே இருக்கே?”

“அதோட தங்கச்சி மேடம்!” கருப்பணனின் வாய் சும்மா இருந்தால்தானே!

மூன்றாவதாகப் பிரபாகரன் வீட்டுக்கு ஆட்டைக் கரி பூசிக் கொண்டுவரச் சொன்னார். கரிகூடச் சங்கிலிமுத்துவின் பையில் தயாராக இருந்தது. கறுப்பு ஆடு பாய்ந்து வந்து ஸ்ரீமதியின் சேலையில் உரசி, பாதி வெள்ளையாகத் திரும்பியது.

ஸ்ரீமதி சேலையைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். “ஒருத்தருக்கும் பிரயோஜனமில்லைன்னு எழுதிரவா சார்?”

கருப்பணனுக்கு அழுகையே வந்துவிட்டது. “எழுதிக்கோங்க மேடம்.”

கயிற்றைப் பிடித்திருந்த சங்கிலிமுத்து தொண்டையைச் செருமினார்.

“அப்படி எழுதிராதீக தாயி. தம்பி கிளாஸைக் கேட்டுத்தேன் இந்த ஆட்டையே வாங்குனேன். ஆய்வுக்கு ஆள் வந்தா கம்பெனி கம்பெனியா வாடகைக்கு விடுதேன். இந்த மாசம் பிஸ்கட் கொடுத்ததுல நீங்க நாலாவது மேடம்!”