மயிலத்தில் ஒரு முகச்சவரம்

இருபத்து மூன்று வயதில் எனக்கு ஒரு பெரிய கர்வம் இருந்தது. படிப்பைப் பற்றி அல்ல (பி.ஏ.வில் வரலாற்றுப் பேப்பரை இரண்டு தடவை எழுதியவன் நான்). குணத்தைப் பற்றியும் அல்ல. என் தலைமுடியைப் பற்றி. நெற்றியில் ஒரு சுருள் விழும்படி வாரிக்கொண்டு தெருவில் இறங்கினால், மெட்ராஸே திரும்பிப் பார்க்கிறது என்று மனதார நம்பினேன். மெட்ராஸுக்கு வேறு வேலை இருந்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

ஆனால் அந்த முடிதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கூந்தல் தைலம் தயாரிக்கிற சின்னக் கம்பெனி. பெயர் வேண்டாம், மூடி எத்தனையோ வருடமாயிற்று. நேர்முகத் தேர்வில் மேனேஜர் தணிகாசலம் என் சர்டிபிகேட்டுகளைத் தொடவே இல்லை. என் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தலையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "நம்ம தைலமா தேய்க்கிறீங்க, மிஸ்டர் வரதராஜன்?" என்றார்.

"ஆமாம் சார்" என்றேன். (அம்மா காய்ச்சிய தேங்காய் எண்ணெய்!)

"மூணு மாசம் பார்ப்போம். சரிப்பட்டு வந்தா பெர்மனென்ட்."

அப்பா ரிடையராகி வீட்டில் இருந்தார். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பெரிவதே கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் கொஞ்சம் தெரியும்.

கடைக்காரர்களிடம் என்ன பேச வேண்டும் என்பதை மேனேஜரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். கடைசி வரி இது: "வேறு சாட்சி எதற்கு? என் தலையைப் பாருங்கள்!" அதைச் சொல்லும்போது லேசாகக் குனிந்து, விரல்களால் முடியைக் கோதிக் காட்ட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று நின்று இதை ஒத்திகை பார்த்ததில், அப்பா ஒருநாள் "அவனுக்குப் பேன் ஏதாவது பிடிச்சிருக்கா பாரு" என்று அம்மாவிடம் சொன்னார்.

முதல் பயணம் திண்டிவனம், விழுப்புரம். திங்கட்கிழமை காலை மேனேஜர் ரயிலில் திண்டிவனம் வந்து இறங்குவார். இருவருமாகக் கடை கடையாகப் போக வேண்டும். நானோ சனிக்கிழமை விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டேன். அந்தப் பக்கம் செஞ்சிக் கோட்டை, மயிலம் மலை, பிரம்மதேசத்துச் சோழர் காலத்துக் கோயில் எல்லாம் இருக்கின்றன என்று புத்தகத்தில் படித்திருந்தேன் (இரண்டு தடவை). வேலை தொடங்குவதற்கு முன்னால் பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடுவது என்று திட்டம். திண்டிவனத்தில் ஒரு லாட்ஜில் பெட்டியைப் போட்டுவிட்டு, சட்டைப் பையில் சீப்பும், தோள்பையில் ஒரு பாட்டில் சாம்பிள் தைலமுமாகச் செஞ்சி பஸ்ஸில் ஏறினேன்.

அந்த பஸ்ஸின் கூரையில் மல்லாட்டை (அந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) மூட்டைகள். உள்ளே மனிதர்களும் இரண்டு ஆட்டுக்குட்டிகளும். ஜன்னல் ஓரம் கிடைத்தது என்று மகிழ்ந்தது என் தப்பு. செஞ்சி போய்ச் சேருவதற்குள் அத்தனை புழுதியும் என் தலையில். இறங்கியதும் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் பார்த்து வார ஆரம்பித்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், உனக்கோசரம் வண்டிய நிறுத்தி வெச்சிக்கினு இருக்கணுமா? ஜல்தி நவுரு!" என்று கத்தினார்.

கோட்டை என்றால் கோட்டை! பாறை பாறையாக அடுக்கிவைத்த மலைகள், உச்சியில் மண்டபம், கீழே கல்யாண மகால். மூச்சு வாங்க வாங்க ராஜகிரி உச்சிக்கு ஏறி நின்றேன். எத்தனை படையெடுப்பு, எத்தனை முற்றுகை நடந்த இடம்! அங்கே நின்று நான் செய்த முதல் காரியம், காற்றில் கலைந்த சுருளைச் சரிசெய்தது. இறங்கியதும் குளத்தில் தலையை அலசி, பாதி பாட்டில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டேன். கம்பெனி தைலத்தை நான் தலையில் வைத்தது அதுதான் முதல் தடவை. அதுவே கடைசித் தடவை என்று எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் ஞாயிறு. காலையில் மயிலம், சாயங்காலம் பிரம்மதேசம் என்று திட்டம். மயிலம் பஸ்ஸில் ஒரே கூட்டம். கிருத்திகையாம். மலையடிவாரத்தில் இறங்கியபோதுதான் தாடையைத் தடவிப் பார்த்தேன், இரண்டு நாள் தாடி. திங்கட்கிழமை விடியற்காலையில் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும், சவரத்துக்கு நேரம் இருக்காது. சுற்றிலும் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி ஒரு கீற்றுக் கொட்டாய். உள்ளே வரிசையாக நாலைந்து பேர் பலகைகளில் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரு நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அடடா, முருகனே வழி காட்டுகிறான் என்று வரிசையின் கடைசிப் பலகையில் போய் உட்கார்ந்தேன்.

மலையடிவாரத்தில், கிருத்திகையன்று, வேண்டுதல்காரர்கள் நடுவில் உட்கார்ந்த ஒருவன் வாயைத் திறந்து "முகம் மட்டும்" என்று சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. மெட்ராஸ் சலூனில் உட்கார்ந்தால் அவர்களே பார்த்துச் செய்வார்கள், அந்தப் பழக்கம். நான் சொன்னது வேறு.

"நல்லா சுத்தமா பண்ணுங்க. நாளைக்கு முக்கியமான காரியம் இருக்கு."

"சாமி காரியம் சார், சுத்தமாத்தான் பண்ணுவேன்" என்றார் அவர்.

ஒரு சொம்புத் தண்ணீரை என் உச்சந்தலையில் ஊற்றி, பத்து விரல்களாலும் அழுத்தித் தேய்த்தார். ஆகா, என்ன சுகம்! மெட்ராஸில் தாடையை மட்டும் நனைத்துவிட்டு அனுப்பிவிடுகிறான்களே, கிராமத்து மனிதர்களின் உபசாரமே தனி என்று நெகிழ்ந்துபோய்க் கண்களை மூடிக்கொண்டேன். இரண்டு நாள் பஸ் அலைச்சல் வேறு. கொஞ்சம் தூங்கிக்கூட விட்டேன்.

நெற்றியிலிருந்து பிடரி வரை 'சர்ர்' என்று ஒரு இழுப்பு.

கண்ணைத் திறந்தேன். மடியில் ஒரு கொத்து முடி, அந்தச் சுருளோடு கிடந்தது. நாவிதர் என்னை விட்டுவிட்டு, புதிதாக வந்து குந்திய ஆளின் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வரிசையைச் சரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு தலையிலும் நடுவாந்தரத்தில் ஒரு பாதை! கூட்ட நாளில் அங்கே அதுதான் வழக்கம். உட்கார்ந்தவன் எழுந்து வேறு நாவிதரிடம் போய்விடாமலிருக்க, எல்லாத் தலையிலும் ஒரு கோடு இழுத்து வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக முடிப்பார்கள்.

"ஐயோ! நான் முகத்துக்கு வந்தேங்க!" என்று அலறினேன்.

அவர் கத்தியோடு திரும்பினார். "முகத்துக்கா? மொட்டை அடிக்கிற கொட்டாய்ல வந்து குந்திக்கினு முகம்ன்றீங்களே சார்! முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"இப்ப என்ன பண்றது?"

"இன்னா பண்றது? இப்பிடியே போறீங்களா, மிச்சத்தையும் எடுத்துடட்டா?"

பக்கத்துக் கொட்டாயில் ஒரு கைக்குழந்தைக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஊரே அதிர அழுதுகொண்டிருந்த அந்தக் குழந்தை, என் தலையைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமாகவே அழுதேன். அவமானம் ஒரு பக்கம், நாளைக்கு மேனேஜர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் ஒரு பக்கம். மடியில் கிடந்த முடியை எடுத்து, "இதை எப்படியாவது…" என்று நீட்டினேன். (என்ன நினைத்து நீட்டினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.)

"அது இப்ப சாமியோடது சார், வெச்சிடுங்க" என்றார் அவர். பாவம், நல்ல மனிதர். மிச்சத்தையும் வழித்துவிட்டு, என் தாடையையும் பளபளவென்று எடுத்துவிட்டார். நான் கேட்டு வந்த சவரம் ஆயிற்றே! தலை முழுக்கச் சந்தனம் பூசியபடி, "ஏதாச்சும் ஒண்ணு வேண்டிக்கினு மேல போங்க சார். குடுத்தது வீணாப் பூடக்கூடாது பாருங்க" என்றார்.

இனி எனக்கு எதற்கு என்று மிச்சமிருந்த பாதி பாட்டில் தைலத்தை அவர் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "வாசனையாக் கீதே, இன்னாத்துக்கு இது?" என்றார்.

"முடி வளர்றதுக்கு. இதை விக்கிறதுதான் என் வேலை."

அவர் என் தலையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். வெடித்து வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்லா வித்துக்குடுங்க சார், எங்க பொழப்புக்கும் நல்லதுதான்" என்றார்.

மலையேறி முருகன் முன்னால் நின்று ஒரே ஒரு வேண்டுதல் வைத்தேன்: வேலையை மட்டும் காப்பாற்றிக் கொடு. பிரம்மதேசம் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

திங்கட்கிழமை காலை, தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு திண்டிவனம் ஸ்டேஷனில் நின்றேன். மேனேஜர் இறங்கினார். "என்னய்யா, காது வலியா?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். வேறென்ன சொல்வேன்?

முதல் கடை அபூபக்கர் பாயுடையது. கோட்டக்குப்பத்துக்காரர், திண்டிவனம் கடைத்தெருவில் பெரிய ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்தார். இவர் வாங்கினால் மற்றவர்களும் வாங்குவார்கள் என்று மேனேஜர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பாய் டீ வாங்கிக் கொடுத்து, "சொல்லுங்க தம்பி" என்றார். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். கடைசி வரிக்கு முன்னால் நின்றுவிட்டேன். மேனேஜர் இருமினார். "துண்டை எடுய்யா" என்று பல்லைக் கடித்தார்.

வாய் தன் பாட்டுக்குப் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "வேறு சாட்சி எதற்கு? என் தலையைப் பாருங்கள்!" துண்டை எடுத்தேன். குனிந்தேன். விரல்கள் கூடத் தாமாகப் போய் வெறும் மண்டையைக் கோதின.

பாயின் கையில் டீ டம்ளர் அப்படியே நின்றது. பிறகு அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள்! கண்ணில் தண்ணீர் கொட்டியது. "யா அல்லா! இன்னா தம்பி, உங்க எண்ணெய தேச்சா இப்பிடித்தான் ஆவுமா?"

மேனேஜர் முகம் செத்துப்போயிருந்தது. வேலை போயிற்று. அப்பா, தங்கை, அடுப்பு எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின. அந்தப் பயத்தில் வாய் உளறியது: "மூணு மாசம் கழிச்சுப் பாருங்க பாய்!"

"இன்னாது?"

"இன்னிக்கு ஒண்ணுமே இல்லை, உங்க கண்ணாலயே பாக்குறீங்க. மூணு மாசம் கழிச்சுப் பாருங்க. மாசா மாசம் வந்து காட்டுறேன்!"

மேனேஜர் நிமிர்ந்தார். "அதேதான் பாய்! உங்களுக்கு நிரூபிக்கணும்னே முடியை எடுத்துட்டு வந்திருக்கார் எங்க பையன்!" என்று கூசாமல் சொன்னார். பாய் ரிப்பன் அளக்கும் ஸ்கேலை எடுத்து என் மண்டையில் வைத்துப் பார்த்து, "இன்னிக்கி பூஜ்யம்" என்று நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு பெட்டி தைலத்துக்கு ஆர்டர் கொடுத்தார். அன்று சாயங்காலமே விழுப்புரத்துக் கடைகளில் துண்டு இல்லாமல் போய் நின்றேன்.

மாதா மாதம் போனேன். பாய் உள்ளங்கையால் தடவி, "கேப்பை நாத்து மாதிரி வருதுப்பா" என்று மற்ற வியாபாரிகளைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஆண்டவன் கொடுத்த தலையில் முடி வளரத்தானே செய்யும்! அம்மா பாட்டுக்கு வீட்டில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாதம் சுருள் மறுபடி நெற்றியில் எட்டிப் பார்த்தது, தைலம் அமோகமாக விற்றது. மேனேஜரிடம் போய் நின்றேன்.

"பெர்மனென்ட்தான்யா" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்தார். "அடுத்த மாசம் வேலூர்ப் பக்கம் போறோம். அங்க யாரும் உன்னைப் பார்த்ததில்லை, இல்லே? திருத்தணி பக்கம்தான்."

புரிந்துவிட்டது. அதற்கப்புறம் எந்த ஊருக்கு வியாபாரமோ அந்தப் பக்கத்து முருகனுக்கு என் முடி. தங்கை கல்யாணத்தில் மொட்டை. அடுத்த வருடம் விழுப்புரத்தில் எனக்கே கல்யாணம், பழனிப் பயணம் முடிந்த கையோடு. பெண் பார்க்கப் போனபோது இருந்த முடியைத் தேடி, மணமேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்த கமலா ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு குனிந்த தலை நிமிராமல், என்னிடம் முதன்முதலாக ஒரு வார்த்தை பேசினாள்.

"வளருங்களா?"

கெட்டி மேளம் முழங்குகிறது, ஐயர் மந்திரம் சொல்கிறார், நான் தொழில் பழக்கத்தில், கணீரென்று சொன்னேன்: "மூணு மாசம் கழிச்சுப் பாருங்க!"

மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான். சாதம் வெந்துவிட்டதா என்று கேட்டால் "மூணு மாசம் கழிச்சுப் பாருங்க." பேரன் பரீட்சை எப்படி எழுதினான் என்று கேட்டால் அதே பதில். கூடத்தில் மாட்டியிருக்கிற கல்யாணப் போட்டோவைக் காட்டி, "பாட்டி பக்கத்துல யாரு அந்தச் சாமியார்?" என்று கேட்காத பேரப்பிள்ளை கிடையாது.

இப்போது என் தலையில் ஒரு முடியும் இல்லை. எந்த மலையும் ஏறவில்லை, எந்தக் கொட்டாயிலும் குந்தவில்லை, தானாகவே போய்விட்டது. சாயங்காலம் காப்பி கொண்டுவந்து வைக்கும்போது கமலா என் மண்டையை ஒரு தடவு தடவிவிட்டுக் கேட்கிறாள்:

"இன்னும் அந்த மூணு மாசம் ஆவலீங்களா?"